கையோடு வந்த பழுது

தருவைமுனையில் தன் வண்டியைத் தன் கையாலேயே கழற்றி மாட்டிய முதல் ஆள் தவசிக்கனிதான். அதற்கு முன்னால் அந்த ஊரில் யாரும் அப்படி ஒரு காரியத்தை நினைத்துப் பார்த்ததுகூட இல்லை. கடலும் உப்பளமும் ஊரை மூன்று பக்கமும் சூழ்ந்திருந்ததால் அங்கே காற்று சும்மா வீசும்போதே இரும்பைத் தின்றது. புது சைக்கிளுக்கு மாலை போட்டு நிறுத்தினால் மாலை வாடுவதற்குள் செயின் சிவந்தது. கதவின் கீலும் பள்ளிக்கூடத்து மணியும் செதில் செதிலாய் உதிர்ந்தன. ஊரில் ஓடிய ஸ்கூட்டர்களும் டிராக்டர்களும் வேன்களும் எங்காவது ஒழுகி, எங்காவது இறுகி, சுயம்புவின் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றன. சுயம்பு பழுது பார்த்தான், கூலி வாங்கினான், வண்டிகள் போயின, போன வண்டிகள் திரும்ப வந்தன. உப்பு விளைவதைப் போல அதுவும் தானாக நடப்பது என்றே ஊர் நினைத்திருந்தது.

தவசிக்கனியிடம் ஒரு குட்டியானை இருந்தது. முன்னால் மூன்று பேர் நெருங்கி உட்காரவும் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டியை ஏற்றவும் போதுமான அந்தச் சின்ன வண்டியில்தான் உப்பளத்தில் வேலை செய்த அத்தனை பேருக்கும் குடிதண்ணீர் போனது. ஊருக்கு மேற்கே செம்மணல் தேரிக்காட்டுக் கிணற்றில் நல்ல தண்ணீர் பிடித்துக்கொண்டு அவன் வரப்பு வரப்பாகப் போய் ஹாரன் அடிப்பான். சத்தம் கேட்டதும், கண்ணைக் கூசவைக்கும் அந்த வெள்ளைக்கு நடுவே குனிந்து உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் பலகையைக் கீழே போட்டுவிட்டுக் குடத்தோடு வருவார்கள். கோடையில் ஒரு நாள் அந்த வண்டி வராவிட்டால் யாராவது மயங்கி விழுவது நிச்சயம்.

சுயம்பு, தவசிக்கனியின் மனைவி தங்கபுஷ்பத்துக்கு அண்ணன். தங்கச்சி புருஷனிடம் காசு வாங்குவது அவனுக்கு ஆகாத காரியம். கல்யாணம் ஆன நாளிலிருந்து குட்டியானைக்குச் செய்த எந்த வேலைக்கும் அவன் கூலி வாங்கியதில்லை. கூலி கொடுக்காததால் தவசிக்கனியாலும் வாயைத் திறந்து கேட்க முடியவில்லை. மற்றவர்களின் வண்டிகள் வந்த அன்றைக்கே திரும்பிப் போக, குட்டியானை மட்டும் புங்கமரத்தடியில் நாள்கணக்கில் கிடந்தது. நாளைக்குப் பார்த்துருவோம் மாப்ள என்று சுயம்பு சொல்வான். நாளை வந்ததும் அதையே திரும்பச் சொல்வான்.

ஒரு சித்திரை மாதத்தில் குட்டியானையின் ஹாரன் நின்றுபோனது. தவசிக்கனி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் ஒர்க்‌ஷாப்பில் போய் நின்றான்.

"ஹாரன்தான மச்சான். ஒரு வயரு. இதுக்கு எத்தன நாளு?"

"கொஞ்சம் பொறுங்க மாப்ள. இந்த வாரம் உடம்புக்கு முடியல."

"டீச்சர் ஸ்கூட்டருக்கு முடியுது. பஞ்சாயத்து டிராக்டருக்கு முடியுது. எனக்கு மட்டுந்தான் முடியாமப் போவுது."

சுயம்பு துணியில் கையைத் துடைத்தான்.

"ஓசி வேலன்னா இப்படித்தான் இருக்கும். விடுங்க. என் வண்டிய நானே பார்த்துக்கிடுதேன்."

எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் அதைக் கேட்டார்கள். கேட்டவர்களில் யாருக்கும், தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று சரியாக விளங்கவில்லை.

தவசிக்கனி வண்டியை வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். செல்போனில் யாரோ செய்து காட்டியதைப் பார்த்துப் பார்த்து முன்பக்கத்தைக் கழற்றினான். துருவைச் சுரண்டினான், வயரைச் செருகினான், முடுக்கினான். பொத்தானை அமுக்கியதும் ஹாரன் எழுப்பிய சத்தத்தில் உப்பளத்துக் கரையில் நின்ற கொக்குகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. "புஷ்பம், கேட்டியா" என்று கூப்பிட அவன் வாயைத் திறந்தான். உதடு அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, குரல் மட்டும் வரவில்லை.

தங்கபுஷ்பம் மிளகு தட்டிப் போட்ட வெந்நீர் கொடுத்தாள். சுகாதார நிலையத்து நர்ஸ் டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டை நன்றாக இருக்கிறது, சத்தம்தான் இல்லை என்று சொல்லி, எல்லோருக்கும் கொடுக்கிற வெள்ளை மாத்திரையையே அவனுக்கும் கொடுத்தாள். உப்பளத்தில் வேலை செய்த மாடத்திதான் விஷயத்தை நேராகச் சொன்னவள்.

"வண்டிக்குள்ள இருந்த ஊமை எங்க போவும்? கைய வச்சவன்கிட்டதான வரும்?"

"அப்ப சுயம்பு அண்ணாச்சி எத்தன ஹாரன் பார்த்திருப்பாக? அவுக பேசத்தான செய்யுதாக?" என்று பக்கத்தில் நின்றவள் கேட்டாள்.

"அவுக கூலி வாங்குதாகல்லா. கூலி வாங்குன கையில பழுது தங்காது. காசோட அதும் கழிஞ்சு போவும்."

கேட்டவர்களுக்கு அது நியாயமாகப் பட்டது. அதற்கு மேல் யாரும் ஆராயவில்லை. தவசிக்கனி ஹாரன் அடித்தான், தண்ணீர் ஊற்றினான், தலையை ஆட்டிப் பதில் சொன்னான். ஆனால் வீட்டில் காரியம் கெட்டது. கையை ஆட்டி எவ்வளவு ஆவேசமாகச் சண்டை போட்டாலும் தங்கபுஷ்பம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள், அத்தோடு சண்டை முடிந்துவிடும். தாங்க முடியாமல் ஒரு நாள் வெளியே போய், தான் செருகிய வயரைத் தானே பிடுங்கினான். ஹாரன் ஊமையானது, பாதி வசவு அவன் தொண்டையிலிருந்து தானாகப் புறப்பட்டு வெளியே வந்தது. அதன் பிறகு வரப்பில் வண்டியை நிறுத்தித் தலையை வெளியே நீட்டி, "தண்ணீ, தண்ணீ" என்று கத்திக் கூப்பிட்டான். மாட்டிய கையே கழற்றினால் பழுது வண்டிக்குத் திரும்பிவிடும் என்பதும் அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது.

தெரிந்த பிறகு சும்மா இருப்பார்களா? எமரன்சியா டீச்சர் தன் ஸ்கூட்டரின் இடதுபக்க இண்டிகேட்டரைத் தானே சரிசெய்தாள். அன்றிலிருந்து அவளால் இடதுபக்கம் திரும்ப முடியவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்குப் போக வலப்பக்கமாகவே சுற்றிச் சுற்றிப் போனதில், வருஷக்கணக்காய்க் கால் வைக்காத தெருக்களுக்கெல்லாம் போக நேர்ந்தது; அங்கே அவளிடம் படித்தவர்கள் வழிமறித்துக் காப்பி கொடுத்தார்கள்; அதனால் கழற்ற மனம் வராமல் மழைக்காலம்வரை அதை அப்படியே வைத்துக்கொண்டாள். தூக்கம் வராமல் தவித்த சலூன்கடைப் பரமசிவம், தன் மொபெட்டின் ஸ்டார்ட்டிங் கோளாறைக் கையில் வாங்கிக்கொண்டான். பிறகு காலையில் அவனை எழுப்ப அவன் மனைவி உலுக்கி உலுக்கி ஓய்ந்துபோனாள். எந்நேரமும் கத்துகிற தகப்பன் இருந்த ஒரு வீட்டில், பிள்ளைகள் ஊமை ஹாரன் ஒன்றைத் தேடிப் பிடித்து வந்து, இந்த வயரை மட்டும் கொஞ்சம் மாட்டித் தாங்கப்பா என்று பணிவாகக் கேட்டார்கள்.

சுயம்புவுக்கு இதனால் வேலை குறையவில்லை. பழுதோடு வருகிறவர்கள் முதலில் அவனிடம்தான் கேட்டார்கள், இதை வைத்துக்கொள்ளலாமா, கொடுத்துவிடலாமா என்று. சைலன்சர் ஓட்டை வேண்டாம், வீட்டில் படுக்க முடியாது என்பான். ஆக்சிலேட்டர் மந்தம் என்றால் கோபக்காரருக்கு நல்லது, மற்றவர்களுக்கு ஆகாது என்பான். பஞ்சாயத்தில் மைக் கட்டி, பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் யாரும் சொந்தமாகத் தொடக்கூடாது, கூலி கொடுத்தே பார்க்கவேண்டும் என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். அதோடு ஊர் அந்த விஷயத்தை முடித்துக்கொண்டு உப்பு விலையைப் பற்றிப் பேசப் போய்விட்டது.

தங்கபுஷ்பத்தால் மட்டும் முடித்துக்கொள்ள முடியவில்லை. என்னவென்று தெரியாமலே ஏதோ ஒன்று அவளை அரித்தது. ஒரு மத்தியானம் கருவாட்டுக் குழம்பு கொண்டுபோனவள், புங்கமரத்தடியில் சுயம்பு வழக்கம்போல ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு செம்பு செம்பாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். எத்தனையோ முறை பார்த்ததுதான். வெயில் ஒத்துக்கொள்ளாத உடம்பு என்று நினைத்திருந்தாள். அன்றைக்குத் தூக்குவாளியைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"அண்ணே, எங்க வண்டி ரேடியேட்டர் சூடாவுதுன்னு கொண்டுவந்தமே, அதுக்கு முன்னாடி ஒனக்கு இந்தச் சூடு இருந்துதா?"

சுயம்பு செம்பைக் கீழே வைத்தான்.

"ஒன் இடதுகண்ணு எப்பப் பார்த்தாலும் ஒழுகுதே, அது எங்க டீசல் டாங்கி ஒழுகுனதுக்குப் பொறவுதான? நடக்கும்போது முட்டு டக்கு டக்குன்னு அடிக்கி. அது எங்க முன்சக்கரம். பொழுது சாஞ்சா ஒனக்குக் கண்ணு தெரியல. அது எங்க ஹெட்லைட்டு. எங்ககிட்ட நீ காசே வாங்கலியே அண்ணே."

"சாப்பாட்ட வையி புஷ்பம்."

"தெரிஞ்சேவா செஞ்ச?"

"மொதல்ல தெரியாது. கண்ணு ஒழுக ஆரம்பிச்சப்பத்தான் தெரிஞ்சுது."

"பொறவும் ஏன் வாங்கல?"

"ஒன் வீட்டுக்காரர்ட்ட கூலிக்கு வேல பார்த்துட்டு, அதே கையோட ஒன் வீட்டுக்கு வந்து எலை போட்டு எப்படிம்மா உக்காருவேன்? வாசல்ல நின்னு கணக்குச் சொல்லிட்டுப் போற ஆளா ஆயிருவேன்லா."

"அப்ப கழத்து. மாட்டுனது பூராத்தையும் கழத்து."

சுயம்பு சிரித்தான். அந்த டாங்கியையும் ரேடியேட்டரையும் விளக்கையும் எப்போதோ துரு தின்று, புதுசு மாற்றி, பழசு காயலான்கடைக்குப் போய் உருகி வேறு ஏதோவாக ஆகிவிட்டது, இனி எதைக் கழற்றுவது என்று சொன்னான். சொல்லிவிட்டு, குழம்பு ஆறுவதற்குள் சாப்பிட உட்கார்ந்தான்.

குட்டியானை ஏன் எப்போதும் கடைசியில் நின்றது என்று தங்கபுஷ்பத்துக்கு அப்போது புரிந்தது. ஒவ்வொரு முறையும் அவன் உடம்பைத் தயார்செய்துகொள்ள நாள் கேட்டிருக்கிறான். வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். தவசிக்கனி அன்று சோறு உண்ணவில்லை. வாசலில் நின்ற வண்டிக்குள் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். மறுநாள் காலை ஒர்க்‌ஷாப்புக்குப் போனான்.

"மச்சான், இனிமே காசு வாங்கிக்கிடுங்க."

"அந்தப் பேச்சு வேண்டாம் மாப்ள."

"அன்னைக்கு ஓசின்னு சொல்லிட்டேன்..."

"சொன்னா என்ன? நம்ம வீட்டு ஆளுதான சொன்னிய."

தவசிக்கனி வந்த வழியே திரும்பினான். வெளியூர் மெக்கானிக்கிடம் கொண்டுபோகலாம் என்றால், மச்சான் ஒர்க்‌ஷாப்பைத் தாண்டிக்கொண்டு வண்டியை இன்னொருவன் வாசலில் நிறுத்துவது அவனை ஊர் நடுவில் வைத்து அடிப்பதற்குச் சமம். ஆகவே எல்லாவற்றையும் தானே செய்வது என்று முடிவுசெய்தான். கதவு சரியாகச் சாத்தாத பழுதை வாங்கிக்கொண்டு, வாயைச் சாத்த முடியாமல் கொஞ்ச காலம் தெரிந்த ரகசியத்தையெல்லாம் சொல்லித் திரிந்தான். வைப்பர் ஓடாத பழுதை வாங்கிக்கொண்டு, அழுகை வந்தால் துடைக்கக் கை எழாமல் முகத்தைக் காற்றில் காயவைத்தான். சிலதைக் கழற்றினான், சிலதை வைத்துக்கொண்டான். சுயம்புவிடம் போகவில்லை.

அடுத்த கோடை முந்தினதைவிடக் கடுமையாக இருந்தது. உச்சிவெயிலில் தண்ணீரோடு வரப்பில் வந்தபோது தவசிக்கனி பிரேக்கை மிதித்தான், மிதி தரைவரைக்கும் போனது, வண்டி நிற்கவில்லை. குவித்து வைத்திருந்த உப்பு அம்பாரத்தில் போய் முட்டி, கண்ணாடிவரை உப்பில் புதைந்துதான் நின்றது. யாருக்கும் காயமில்லை. எல்லோரும் சேர்ந்து பின்னால் இழுத்துவிட்டுக் குனிந்து பார்த்தால் முன்சக்கரத்துக்குப் போகிற பிரேக் பைப் துருப்பிடித்து வெடித்திருந்தது.

யாரோ சுயம்புவுக்குப் போன் போட்டுவிட்டார்கள். யாரும் தொடாதீர்கள், இதோ வருகிறேன் என்று அவன் சொன்னதாக மாடத்தி வந்து சொன்னாள். தவசிக்கனி தூரத்தில் ரோட்டைப் பார்த்தான். ஒரு ஸ்கூட்டர் புழுதி கிளப்பிக்கொண்டு ஊரைவிட்டுப் புறப்படுவது தெரிந்தது; உப்பளத்தைச் சுற்றி வந்துசேர அதற்கு நேரம் பிடிக்கும். வந்தால் மச்சான் வண்டிக்கு அடியில் படுத்துவிடுவான். படுத்தவனை யாரும் இழுக்க முடியாது. காசை நீட்டினால் வாங்கமாட்டான். துரு வந்ததைப் பார்த்து முன்கூட்டியே டவுனில் வாங்கிய புதுப் பைப் சீட்டுக்குப் பின்னால் இருந்தது.

"வேண்டாம் தவசி," என்றாள் மாடத்தி. "மைக்குல சொன்னாகல்லா. பிரேக்கு வேண்டாம்."

"அவுக வந்து சேருறதுக்குள்ள முடிக்கணும்க்கா. அந்த ஸ்பேனர எடுங்க."

சுடுகிற உப்பில் மல்லாந்து படுத்து அவன் பழைய பைப்பைக் கழற்றினான், புதியதை மாட்டினான், ஒரு குழாயைச் செருகி அதன் முனையை ஆயில் பாட்டிலுக்குள் விட்டு, பெடலை மிதித்து மிதித்து உள்ளே மாட்டிய காற்றையெல்லாம் குமிழி குமிழியாக வெளியே எடுத்தான். கடைசி நட்டை முடுக்கினான். பெடல் கல் மாதிரி நின்றது. ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான். எழுந்தவன் நடக்க ஆரம்பித்தான்.

ஸ்கூட்டரை வரப்பில் சாய்த்துவிட்டு ஓடிவந்த சுயம்பு முதலில் வண்டியைப் பார்த்தான், பிறகு தூரத்தில் போய்க்கொண்டிருந்த முதுகைப் பார்த்தான்.

"மாப்ள! நில்லுங்க மாப்ள!"

"நிக்க முடியல மச்சான்!"

முட்டு டக்கு டக்கென்று அடிக்க அடிக்க சுயம்பு கூடவே ஓடினான். கடல்வரை போனார்கள், திரும்பினார்கள், ஊர்வரை வந்தார்கள், திரும்பினார்கள். தங்கபுஷ்பம் செய்தி கேட்டுச் சோற்றுத் தட்டோடு வந்து, பக்கத்தில் நடந்துகொண்டே ஊட்டினாள். அவள் திட்டவில்லை. உருண்டை உருட்டிக் கொடுத்துக்கொண்டே, பெருசா செஞ்சிட்டிய, பெருசா செஞ்சிட்டிய என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள். முதல்நாள் பொழுது சாய்வதற்குள் தவசிக்கனியின் குதிகால் வெடித்து ரத்தம் வந்தது. உட்கார்த்தி வைத்தால் எழுந்துவிடுவான். பிடித்து நிறுத்தினால் பிடித்தவர்களையும் இழுத்துக்கொண்டு போவான்.

உப்பு லாரி ஓட்டுகிற செல்லப்பாண்டிதான் தன் மொபெட்டை அவன் பக்கத்தில் மெதுவாக உருட்டிக்கொண்டே, சும்மா பின்னால ஏறிப் பாருங்க அண்ணாச்சி என்றான். ஏறினான். கால் ஓய்ந்தது. ஓடுகிற வண்டியில் அவனால் உட்கார முடிந்தது, சாய முடிந்தது, கண்ணை மூடினால் தூங்கவும் முடிந்தது. வண்டி நின்றால் போதும், எழுந்து நடந்துவிடுவான்.

அதைத் தெரிந்துகொண்டதும் ஊர் தன் ஒழுங்குக்கு வந்துவிட்டது. அவனுடைய குட்டியானையிலேயே அவனை ஏற்றி, ஊராரே முறைவைத்து ஓட்டினார்கள். ஓட்டுகிறவர்கள் மாறும்போதுகூட வண்டி நிற்கக்கூடாது என்பதால், ஒருவர் ஒரு கதவு வழியாக இறங்க இன்னொருவர் மறு கதவு வழியாக ஏறப் பழகினார்கள். உப்பளத்துக்குத் தண்ணீரும் தவறவில்லை. வண்டி வரப்பில் நத்தை மாதிரி ஊர்ந்து போகும், பெண்கள் பின்னாலேயே நடந்துகொண்டு குடத்தைக் குழாயில் காட்டி நிரப்புவார்கள். தண்ணீர் வண்டி வாடகைச் சண்டையைத் தீர்த்துக்கொள்ள வந்தவர்கள் வண்டியோடு நடந்து நியாயம் கேட்டார்கள். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் ஓடிவந்து ஜன்னல் வழியாக வெற்றிலைத் தட்டை நீட்டினார்கள். எமரன்சியா டீச்சர் தன் முறை வந்த நாட்களில் அவனுக்குப் பேப்பர் படித்துக் காட்டிக்கொண்டே ஓட்டினாள். ஒன்றுக்கு இரண்டுக்குப் போவதைப் பற்றி மட்டும் ஊர் நாகரிகமாக எதுவும் பேசாமல் இருந்தது.

வந்தவர்கள் எல்லோரும் பழகிவிட்டது என்றார்கள். தங்கபுஷ்பத்துக்குப் பழகவில்லை. தன் தோளில் தலை சாய்த்து அவன் தூங்கும்போது அவள் அவன் நெஞ்சில் கையை வைத்துப் பார்ப்பாள். தூக்கத்திலும் அது ஓடிக்கொண்டே இருந்தது. நர்ஸ் நடந்துகொண்டே நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, இந்த முறை வெள்ளை மாத்திரையை எடுக்கவே இல்லை. "உள்ள எதுவும் நிக்கவே மாட்டேங்குதுக்கா. இப்படியே போனா ரொம்ப நாளு தாங்காது," என்றாள்.

செய்ய வேண்டியது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். அவன் முடுக்கிய நட்டை அவன் கையே கழற்றவேண்டும். ஆனால் வண்டி நின்றால்தான் சக்கரத்துக்கு உள்ளே கை போகும். வண்டி நின்றால் அவன் நிற்கமாட்டான். சுயம்பு பகலெல்லாம் ஒர்க்‌ஷாப்பைச் சாத்திவிட்டு, ஓடுகிற வண்டியின் அடியில் கையை நுழைக்க ஏதாவது வழி உண்டா என்று தரையில் படம் போட்டுப் போட்டு அழித்தான்.

ஒரு காலையில் தங்கபுஷ்பம் ரோட்டைப் பார்த்தபடி புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். செல்லப்பாண்டியின் பெரிய லாரி, யாருடைய டிராக்டரையோ முதுகில் ஏற்றிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனது. அவள் கழுத்தைத் திருப்பி அது மறையும்வரை பார்த்தாள்.

"ஏங்க, அந்த டிராக்டரு இப்ப ஓடுதா, நிக்குதா?"

தவசிக்கனி யோசித்தான். "ரெண்டுந்தான்," என்றான்.

அன்று மத்தியானமே உப்பு மூட்டைகளை அடுக்கிச் சரிவு கட்டி, பலகை போட்டு, குட்டியானையை லாரிக்கு மேலே ஓட்டி ஏற்றினார்கள். கயிறு போட்டுக் கட்டினார்கள். அதுவரை தவசிக்கனி லாரியைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தான். செல்லப்பாண்டி லாரியை எடுத்ததும் பின்னாலேயே நடந்துபோனவனைப் பத்துக் கைகள் சேர்ந்து மேலே தூக்கிவிட்டன. தங்கபுஷ்பமும் சுயம்புவும் முன்பே மேலே இருந்தார்கள். லாரி கடற்கரை ரோட்டில் மெதுவாக நேரே போனது. ஊர் அதன் பின்னால் நடந்தது.

தவசிக்கனி சக்கரத்துக்கு அருகே குந்தி உட்கார்ந்தான். தனக்கு முன்னால் தன் வண்டி அசையாமல் நிற்பதையும், அதன் முன்னால் தான் அசையாமல் இருப்பதையும் பார்த்தபோது அவனுக்குக் கண்ணீர் வந்தது. நட்டு உப்புக்காற்றில் அதற்குள் துருவேறி இறுகியிருந்தது. ஸ்பேனர் வழுக்கியது. சுயம்பு தன்னையறியாமல் கையை நீட்டினான்.

"கைய எடுங்க மச்சான்!"

"நான் புடிக்க மட்டும் செய்யுதேன் மாப்ள..."

"அண்ணே," என்றாள் தங்கபுஷ்பம், "கைய முதுகுக்குப் பின்னால கட்டு."

சுயம்பு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கீழருந்து மேலே தள்ளுங்க, விட்டு விட்டுத் தள்ளுங்க என்று வாயால் மட்டும் சொன்னான். லாரி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது நட்டு கீச்சென்று அவிழ்ந்தது. ஆயில் சொட்டியது, பிறகு ஒழுகியது. தவசிக்கனியின் தோள் தொங்கியது, கால்கள் துவண்டன, நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்தது மெல்ல மெல்லத் தணிந்து ஒரு சாதாரண மனிதனின் துடிப்புக்கு வந்தது. தங்கபுஷ்பம் கேபினை ஓங்கித் தட்டினாள். லாரி நின்றது. எல்லோரும் அவனையே பார்த்தார்கள். அவன் எழவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

ஆனால் காரியம் முடியவில்லை. குட்டியானைக்கு இப்போது மறுபடியும் பிரேக் இல்லை. பிரேக் இல்லாத வண்டியைச் சரிவில் இறக்க முடியாது. சுயம்பு பையைத் திறந்து ஸ்பேனரை எடுத்தான். தங்கபுஷ்பம் குறுக்கே வந்து நின்றாள்.

"மொதல்ல கூலி பேசு."

"புஷ்பம், ஊரு பார்க்குது..."

"பார்க்கட்டும். பேசாம நீ கைய வச்சா, இனி நான் ஒன் வாசல் மிதிக்கமாட்டேன்."

சுயம்பு தலையைக் குனிந்துகொண்டு, உதடு அசைவதே தெரியாமல் ஏதோ ஒரு தொகை சொன்னான்.

"இது கூலியா? டீக்கடையில வச்சிட்டுப் போற சில்லறையா? டீச்சர் ஸ்கூட்டருக்கு என்ன வாங்குன?"

கீழே கூட்டத்தில் நின்ற எமரன்சியா டீச்சர், தான் கொடுத்ததைச் சத்தமாகச் சொன்னாள். அப்படியானால் இது நாலு சக்கர வண்டி என்று செல்லப்பாண்டி எடுத்துக்கொடுத்தான். சுயம்பு முகமெல்லாம் வேர்க்க, இடதுகண் ஒழுக, ஒருவழியாக நியாயமான கூலியைச் சொன்னான்.

"அம்புட்டா?" என்று தவசிக்கனி வாய்தவறிக் கத்திவிட்டான்.

இப்போது சுயம்புவுக்கே கோபம் வந்தது.

"நடுரோட்டுல, லாரி மேல ஏறி, உச்சிவெயில்ல, வேற எவன் வந்து பார்ப்பான்? இஷ்டம்னா குடுங்க, இல்லன்னா வண்டியோட இங்கனயே இருங்க!"

கூட்டம் சிரித்தது. தவசிக்கனி சட்டைப்பையில் இருந்ததையும், பத்தாமல் தங்கபுஷ்பம் முந்தானையில் முடிந்திருந்ததையும் சேர்த்து எடுத்து மச்சான் கையில் வைத்தான். சுயம்பு அதை எண்ணாமல் பைக்குள் போட்டான். போட்டுவிட்டு வண்டிக்கு அடியில் நுழைந்தான். வேலை முடித்து வெளியே வந்தபோது தங்கபுஷ்பம் அவனை உட்காரச் சொன்னாள், எழுந்திருக்கச் சொன்னாள், நடக்கச் சொன்னாள், நிற்கச் சொன்னாள். முட்டு பழையபடி அடித்தது, கண் பழையபடி ஒழுகியது. புதிதாக ஒன்றும் ஒட்டவில்லை. உடம்பில் ஏற்கெனவே போயிருந்ததும் திரும்பி வரவில்லை.

ஞாயிறுதோறும் தங்கச்சி வீட்டில் சாப்பிடுகிற சுயம்பு அந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. தங்கபுஷ்பம் இலை போட்டு வைத்துவிட்டுப் பொழுது சாயும்வரை பார்த்தாள். மறுநாள் காலையில், தண்ணீர் ஏற்றிக்கொண்டு கிளம்பிய குட்டியானை பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கீச்சென்று கத்தியது. தவசிக்கனி வண்டியை நேராக ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டினான்; இறங்கும்போதே, எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி குரலை உயர்த்தினான்.

"காசு எண்ணி வாங்குனியள்லா? இதுவா வேலை? தெரு முழுக்கக் கேக்குது சத்தம்!"

"எண்ணி எங்க வாங்குனேன்? வீட்ல போய்ப் பார்த்தா ஒரு நோட்டு கொறையுது!"

"கொறைஞ்சா வீட்டுக்கு வந்து கேக்க வேண்டியதுதான? நேத்து ஒங்க தங்கச்சி மீனை ஆக்கி வச்சிட்டு ராத்திரி வரைக்கும் என்னையத் தின்னவிடல!"

சுயம்பு துணியில் கையைத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

"பாக்கிய வாங்குறதுக்கு இன்னைக்கு மத்தியானம் வாரேன்," என்றான். "இப்ப வரிசையில நில்லுங்க. டீச்சர் ஸ்கூட்டரு முன்னாடி நிக்கி."

தவசிக்கனி திரும்பிப் பார்த்தான். டீச்சரின் ஸ்கூட்டருக்குப் பின்னால் பஞ்சாயத்து டிராக்டரும் நின்றது. அவன் குட்டியானையைக் கொண்டுபோய் அதற்கும் பின்னால் விட்டான். இறங்கி, வெயிலில், கைகளைக் கட்டிக்கொண்டு, தன் முறை வரும்வரை நின்றான்.